கல் மிதக்காத குறும்படம்

அப்பரைப் பற்றிக் குறும்படம் எடுக்கிறோம் என்று கடலூரில் சொன்னால், கேட்பவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கல்லு மிதக்கிறத எப்படிங்க காட்டுவீங்க?"

டீக்கடையில் கேட்டார்கள். நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளியின் ஆசிரியர் அறையில் கேட்டார்கள். பாடலீஸ்வரர் கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவும் கேட்டார். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர், அதாவது திருநாவுக்கரசர், அந்தக் கல்லையே தெப்பமாகக் கொண்டு கரை சேர்ந்தது எங்கள் திருப்பாதிரிப்புலியூரில். வண்டிப்பாளையம் பக்கத்தில் கரையேறவிட்டகுப்பம் என்று ஒரு ஊரே இருக்கிறது. சித்திரை அனுஷத்தன்று அப்பர் கரையேறிய விழா நடக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்தக் கதையை யாரும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டியதில்லை, தானாகவே தெரிந்துவிடும்.

அப்படியிருந்தும் எங்கள் படத்தில் கல் மிதக்காது. கடலே வராது. இது காசில்லாததால் எடுத்த முடிவு என்று நண்பர்கள் சிலர் நினைத்துக்கொண்டார்கள். காசு இல்லை என்பது உண்மைதான். ஆனால் கையில் கோடி ரூபாய் இருந்திருந்தாலும் இதே படத்தைத்தான் எடுத்திருப்பேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

படத்தை ஒரு போட்டிக்காக எடுத்தோம், சென்னையில் நடக்கும் ஒரு ஆன்மிகக் குறும்பட விழாவின் போட்டி அது. எந்த மதத்தவரும் அனுப்பலாம். பெயர்கள் ஓடும் நேரத்தையும் சேர்த்துப் பத்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். நம்பிக்கை என்பதுதான் பொருள். அறிவிப்பைப் பார்த்ததும், முந்தைய வருடங்களில் அங்கே திரையிடப்பட்ட படங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். நல்ல படங்கள் இருந்தன. ஆனால் பாதிக்கு மேல் ஒரே பாதையில் போயின. வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் வரும். டாக்டர் கைவிரிப்பார். குடும்பத்தில் நம்பாத ஒருவர் இருப்பார், அவர் கோயிலிலோ மாதா கெபியிலோ தர்காவிலோ போய் அழுவார். நோய் தீரும். கறுப்புத் திரையில் ஒரு வசனமோ பாடல் வரியோ வந்து நிற்கும். எடுத்தவர்களின் பக்தியில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ஆனால் நோய் தீராத வீடுகளும் இருக்கின்றனவே. அந்த வீட்டு ஆட்களும் மறுநாள் காலையில் விளக்கேற்றுகிறார்கள், ஜெபம் சொல்கிறார்கள், தொழுகிறார்கள். அவர்களிடம் இருப்பதற்கு என்ன பெயர்? இந்தப் படங்களில் அவர்களுக்கு இடமே இல்லாமல் போய்விடுகிறது.

நம்பிக்கையைக் கேமரா நேராகப் படம் பிடிக்க முடியாது என்பது என் எண்ணம். கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கும் ஒரு முகத்தை எவ்வளவு கிட்டத்தில் போய் எடுத்தாலும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆனால் நம்பிக்கை ஒரு மனிதரைச் செய்ய வைக்கும் வேலை தெரியும். விடிவதற்கு முன் எழ வைக்கிறதே, அது தெரியும். வராத ஒருவருக்காகச் சோற்றை மூடி வைக்கச் சொல்கிறதே, அதுவும் தெரியும். கான் திரைப்பட விழாவில் 1974 முதல் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் அமைப்புகள் சேர்ந்து அமைக்கும் நடுவர் குழு ஒன்று தனியாகப் பரிசு தருகிறது. அந்தக் குழு கௌரவித்த படங்களில் கடவுளின் பெயரையே அதிகம் எடுக்காத படங்களும் உண்டு. இதைப் படித்தபோது எனக்கு ஒரு தைரியம் வந்தது.

சரி, அப்பர் கதையில் அப்படிப்பட்ட வேலை எங்கே இருக்கிறது? அப்பரே கையில் உழவாரப்படையோடு கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கியவர். "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று பாடியவர். அந்த வரி பிறந்த கடம்பூரும் எங்கள் மாவட்டத்தில்தான், காட்டுமன்னார்கோயில் பக்கம் இருக்கிறது. ஆனால் அப்பர் என்று சொன்னதும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு 1967இல் வந்த 'திருவருட்செல்வர்' படத்தின் சிவாஜி கணேசன் முகம்தான் வரும். தளர்ந்த உடம்பும் அந்த நடையும் அப்படியே மனத்தில் பதிந்துவிட்டன. அதற்குப் பக்கத்தில் நாங்கள் இன்னொரு அப்பரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதில்லை.

அதனால் பெரியபுராணத்தைத் திரும்ப எடுத்தேன். அங்கே அப்பரின் அக்கா திலகவதியார் இருந்தார்.

வகுப்பில் அவரைப் பற்றிப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்பா புகழனாரும் அம்மா மாதினியாரும் அடுத்தடுத்துப் போய்விடுகிறார்கள். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் இறந்துபோகிறார். திலகவதியார் தானும் உயிரை விடத் துணிகிறார். தம்பி மருள்நீக்கியார், பின்னாளில் அப்பர் ஆனவர், காலில் விழுந்து அழ, "தம்பியார் உளராக வேண்டும்" என்ற ஒன்றுக்காக உயிரைத் தாங்கிக்கொள்கிறார். அந்தத் தம்பியோ கொஞ்ச காலத்தில் வீட்டை விட்டுப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிக்குப் போய்த் தருமசேனர் ஆகிவிடுகிறார். அக்கா திருவதிகைக்குப் போய், கெடிலம் ஆற்றங்கரையிலிருக்கும் வீரட்டானக் கோயிலில் தினமும் வாசல் கூட்டி, மெழுகி, பூத்தொடுத்துக் கொடுக்கிறார். தம்பிக்காக வேண்டிக்கொள்கிறார். இந்த நடுப்பகுதியைத்தான் நாம் எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போகிறோம். தம்பிக்கு வரும் சூலை என்ற வயிற்று நோய், பதிகம், சுண்ணாம்பு நீற்றறை, யானை, கல் என்று கதை ஓடத் தொடங்கியதும் அக்கா பின்னால் போய்விடுகிறார்.

படத்துக்காகப் படித்தபோது ஒரு விஷயம் என்னை உலுக்கியது. வயிற்று வலி தாங்காத தம்பி, இரவோடு இரவாகப் பாயையும் உறியையும் மயிற்பீலியையும் விட்டுவிட்டு, வெள்ளைத் துணி உடுத்தி அக்காவிடம் வருகிறார். அக்கா திருநீறு கொடுக்கிறார். பிறகு விடியலில் தம்பியை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகும்போது அவர் கையில் என்ன இருந்தது என்று சேக்கிழார் எழுதியிருக்கிறார்: "திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும்". துடைப்பம், மெழுகும் சாணம், தண்ணீர் எடுக்கும் பாத்திரம். எத்தனையோ நாள் கழித்துத் தம்பி திரும்பி வந்திருக்கிறார், உயிர் போகும் வலியில் இருக்கிறார், அப்போதும் அந்த அம்மா அன்றைய வேலையை விடவில்லை. அற்புதம் நடக்கப்போகும் காலையிலும் வாசல் கூட்டியாக வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவர் எனக்காகப் படப்பிடிப்புக்கு வேண்டிய பொருள் பட்டியல் எழுதி வைத்திருக்கிறார் என்றே தோன்றியது.

இன்னொன்றும் கவனித்தேன். பிறந்த ஊர் திருவாமூர், அக்கா இருந்த திருவதிகை இரண்டுமே பண்ருட்டிப் பக்கம். தம்பி போன பாடலிபுத்திரம் இன்றைய திருப்பாதிரிப்புலியூர். கடலூரில் பஸ் ஏறினால் நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம் தாண்டிப் பண்ருட்டி. ஒரு மணி நேரத்துப் பயணம். திருவதிகையைத் தொட்டு வரும் கெடிலம்தான் எங்கள் ஊர் வழியாகவும் போய்க் கடலில் சேர்கிறது. ஒரே ஆற்றின் மேலே அக்கா, கீழே தம்பி. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு வராமல் இருப்பதற்குத் தூரமா காரணம்? இன்றைக்கும் இப்படி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. எனவே படத்தை இன்றைய காலத்திலேயே வைத்தோம். பண்ருட்டிப் பக்கம் ஒரு அக்கா, கடலூரில் தம்பி, பல வருடமாகப் பேச்சில்லை. பெரியபுராணத்தில் தம்பி தன் சமையல்காரரைத் தூது அனுப்ப, அவர் நந்தவனத்தில் அக்காவைப் பார்த்துச் சேதி சொல்கிறார். எங்கள் படத்தில் தம்பி வேலை பார்க்கும் மெஸ்ஸிலிருந்து ஒருவர் போன் செய்கிறார். அக்கா பூப்பறித்துக்கொண்டே பேசுகிறார்.

சமணரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கதையை அப்படியே எடுத்தால் அதில் சமணர்கள் எதிர்த்தரப்பாக வந்துவிடுவார்கள். சேக்கிழாரின் காவியத்துக்கு அந்த மோதல் தேவைப்பட்டது, அவர் காலம் வேறு. ஆனால் சமணம் இந்த மண்ணில் செத்துப்போன சமயம் இல்லை. விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இருக்கிறது. நயினார் குடும்பத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் படித்திருக்கிறார்கள். நான் வருடா வருடம் நடத்தும் நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் சமணர். என் நம்பிக்கையைக் காட்ட இன்னொருவர் நம்பிக்கையைக் கொடுமைக்காரனாக நிறுத்த வேண்டும் என்றால், அந்தப் படம் எனக்கு வேண்டாம். குழுவில் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "புராணத்த மாத்த நாம யாரு சார்?" என்று கேட்டார். மாற்றவில்லை, அதில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றேன். தம்பி ஏன் போனார் என்று படத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

மார்கழியில் எடுத்தோம். முதல் காரணம் சாதாரணமானது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகளும் அவர்கள் கேமராவும் சும்மா இருக்கும். எங்கள் ஒளிப்பதிவாளர் என்னிடம் படித்த பையன். வாடகை வாங்கமாட்டேன் என்று நின்றுவிட்டான், பெட்ரோலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டான். இரண்டாவது காரணம் மார்கழி விடியல். பனி, வாசலில் சாணம் தெளித்த ஈரம், கோலத்தின் நடுவில் பூசணிப்பூ. விளக்கு எதுவும் கொண்டுபோகவில்லை, தெருவிளக்கும் வாசல் மாடத்து அகலும் போதுமானதாக இருந்தன.

அக்காவாக நடித்தவர் நடிகை இல்லை. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தில் முந்திரி உடைக்கும் வேலை பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் உழவாரக் குழுவோடு கோயில்களுக்குப் போய்ச் சுத்தம் செய்பவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு அவர் விரல்கள் கறுத்துத் தடித்திருக்கும். கையைப் பொசுக்காமல் இருக்கச் சாம்பலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்து உடைப்பார்கள். அந்தக் கைகளைப் பார்த்த அன்றே படம் யாருடையது என்று எனக்கு முடிவாகிவிட்டது. அவர் வீட்டிலேயே எடுத்தோம். கொல்லையில் இருந்த பெரிய பலாமரம் 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் சாய்ந்ததாம். அதன் பக்கத்தில் வைத்த கன்று இப்போது காய்க்கிறது.

முதல் நாள் காலையில் கோலம் போட்டு முடித்தார். ஒளிப்பதிவாளன், "இன்னொரு தடவை எடுத்துக்கலாம்க்கா, அழிச்சுட்டுப் போடுங்க" என்றான். அக்கா அசையவில்லை.

"போட்ட கோலத்தை எங் கையால அழிக்கமாட்டேன் தம்பி. நாளைக்கு வா, நாளைக்கும் போடுவேன்."

அதில் கோபம் இல்லை, இயல்பாகச் சொன்னார். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை, என்னைப் பார்த்தான். நான் நாளைக்கு வரலாம் என்றேன். அதற்கப்புறம் எங்கள் படப்பிடிப்பின் விதியே அதுவாகிவிட்டது: ஒரு விடியலுக்கு ஒரு கோலம், ஒரே தடவை. இதனால் நாட்கள் கூடின, மழை பெய்த விடியல்களில் சும்மா திரும்பினோம். ஆனால் திரும்ப எடுக்க முடியாது என்று தெரிந்தபிறகு அந்தப் பையன் கேமரா பிடித்த விதமே மாறியது. முன்னமே வந்து நின்றான். அக்கா எங்கே குனிவார், எந்தப் புள்ளியில் மூச்சு விட நிமிர்வார் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டான். படத்தில் இருக்கும் கோலக் காட்சி வெட்டே இல்லாமல் ஓடுகிறது. அது எங்கள் திறமை இல்லை, அந்த அம்மா வைத்த விதி எங்களுக்குக் கொடுத்தது.

தம்பியாக நடித்தவர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் நாடகம் படித்த இளைஞர். வீடு வில்லியனூரில், குடும்பமே மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். திருநீறு கொடுக்கும் காட்சிக்கு முன்னால் அக்கா குளித்துவிட்டு வந்தார், சம்புடத்தில் உண்மையான திருநீறு இருந்தது. கொடுப்பதற்கு முன் நேராகக் கேட்டார்: "தம்பி, நீ பூசிப்பியா? மனசுல இல்லன்னா சொல்லிடுப்பா, தப்பில்ல." அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கையில வாங்கிக்கிறேன்க்கா. மரியாதையா வச்சுக்கிறேன். பூசுறது நடிப்பாயிடும்" என்றார். காகிதத்தில் நான் எழுதியிருந்தது வேறு. தம்பி உடம்பெல்லாம் பூசிக்கொண்டு அழுவதாக எழுதியிருந்தேன், பெரியபுராணத்திலும் அவர் அப்படி நிறையப் பூசிக்கொள்கிறார். அதை அங்கேயே விட்டோம். படத்தில் தம்பி உள்ளங்கையில் வாங்கி, விரல்களை மூடிக்கொண்டு, வலியோடு சுவரில் சாய்கிறான். இரவு முழுக்க அந்தக் கை திறக்கவில்லை. ஒருவருக்கொருவர் உண்மையாக இருந்ததால் வந்த காட்சி அது. நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் கிடைத்திருக்காது.

கோயிலுக்குள் எடுக்கவில்லை. அறநிலையத்துறைக் கோயில்களில் படம் பிடிக்க அனுமதி வாங்க வேண்டும், கருவறையை எடுக்கவே கூடாது. 2022 டிசம்பரில் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் கோயில்களுக்குள் செல்போனுக்கே தடை விதிக்கச் சொன்னதிலிருந்து கெடுபிடி இன்னும் அதிகம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. சாமியைக் காட்டக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். கோபுரம் தூரத்தில் தெரியும், மணிச்சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

ஒலிதான் உயிரை வாங்கியது. மார்கழியில் நாலரை மணிக்கே ஊரின் எல்லாக் கோயில்களிலும் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். பக்திதான், அதை எப்படி நிறுத்தச் சொல்வது? அதனால் துடைப்பச் சத்தம், தோண்டி கிணற்றுத் தண்ணீரில் இறங்கும் சத்தம், சாணம் கரைக்கும் சத்தம் எல்லாவற்றையும் மத்தியானத்தில் அதே வாசலில் தனியாகப் பதிவு செய்தோம். தென்னந்துடைப்பம் ஈர மண்ணில் ஒரு மாதிரி ஒலிக்கும், காய்ந்த மண்ணில் வேறு மாதிரி. அக்கா இரண்டுக்கும் கூட்டிக் காட்டினார்.

பாட்டு விஷயத்தில் புதிதாகப் படம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தேவாரம் எல்லோருக்கும் சொந்தம், ஆனால் கடையிலோ யூடியூபிலோ கிடைக்கும் ஒலிப்பதிவு அப்படியில்லை. நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு, எழுத்தில் அனுமதி இல்லாவிட்டால் விழாக்காரர்கள் படத்தை ஏற்கமாட்டார்கள். எங்களுக்கு ஒரு ஓதுவார் ஐயா பாடிக் கொடுத்தார். அப்பரின் முதல் பதிகம், "கூற்றாயினவாறு விலக்ககிலீர்", கொல்லிப் பண்ணில், தாளமோ சுருதிப்பெட்டியோ இல்லாமல். முதல் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டோம். வயிற்று வலியில் இருப்பவன் கடவுளிடம் சண்டை போடுவது மாதிரி அது ஆரம்பிக்கிறது. நான் செய்த கொடுமை எனக்கே தெரியவில்லை, வலியை மட்டும் கொடுத்துவிட்டாயே என்கிறது. இவ்வளவு நேர்மையான வேண்டுதலின் மேல் வயலினைப் போட எனக்கு மனம் வரவில்லை.

படம் எப்படி முடிகிறது என்பதில்தான் குழுவுக்குள் அதிகம் பேசினோம். விடியலில் அக்கா துடைப்பத்தையும் சாண வாளியையும் எடுக்கிறார். தோண்டியை எடுக்கக் கை இல்லை. தம்பி வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி எழுந்து வந்து, தோண்டியைத் தூக்கிக்கொள்கிறான். இரண்டு பேரும் தெருவில் நடக்கிறார்கள். அங்கே நிறுத்திவிட்டோம்.

படம் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. திரையிட்டபின் நடந்த கலந்துரையாடலில் நடுவர் ஒருவர் கேட்டார்: "அவனுக்கு வலி தீர்ந்ததா, இல்லையா? பார்வையாளர் நம்பிக்கையோடு வெளியே போக வேண்டாமா?" நல்ல மனதோடுதான் கேட்டார். அப்பருக்குத் தீர்ந்தது ஐயா, இவனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்றேன். தீர்ந்தபிறகு தோண்டியைத் தூக்கினால் அது நன்றி. தீருமா என்று தெரியாத நேரத்தில் தூக்குகிறானே, அதைத்தான் நாங்கள் எடுக்க வந்தோம். அவர் தலையசைத்தார், ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

முதல் பரிசு வேறு படத்துக்குப் போனது. நோன்புக் கஞ்சி காய்ச்சும் ஒரு பெரியவரைப் பற்றிய படம், ராமநாதபுரம் பக்கத்துப் பெண் ஒருவர் எடுத்தது. பெரியவர் நோன்பில் இருக்கிறார், உப்புப் பார்க்க முடியாது. நோன்பு பிடிக்கும் வயது வராத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு அகப்பையில் கொஞ்சம் ஊற்றி, "சரியா இருக்கா?" என்று கேட்கிறார். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் காட்சியில் நான் அழுதுவிட்டேன். பரிசு சரியான இடத்துக்குத்தான் போனது. வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன், அவரும் திரும்ப எடுக்காத கதை ஒன்று சொன்னார்: அடுப்பில் ஏற்றிய கஞ்சியைப் படத்துக்காகக் கீழே கொட்டக் கூடாது என்று பெரியவர் சொல்லிவிட்டாராம்.

விழா முடிந்துவிட்டதால் இனி படத்தை வெளியில் காட்டலாம். சித்திரைச் சதயம் அப்பரின் குருபூஜை. அன்று மாலை அக்காவின் தெருவிலேயே வெள்ளைத் துணி கட்டிப் போடுகிறோம், பள்ளி புரொஜக்டரைத் தலைமையாசிரியர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓதுவார் ஐயா நேரில் வந்து பதிகத்தை முழுக்கப் பாடுகிறார். முந்திரிக் கம்பெனிப் பெண்கள் வேலை முடிந்து குளித்துவிட்டு வர ஏழு மணியாகும் என்பதால் ஏழரைக்குத்தான் ஆரம்பிப்போம்.